பால் டின்னும் அக்காவின் இரண்டு டக்கும்

மாங்கெசிம், கானா,
மார்ச் மாதம், இரண்டாம் ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு.

அன்பும் அதிகாரமும் சரிபாதியாய்க் கலந்த என் தங்கை எவுரெசிக்கு,

உன் அண்ணன் ஃபீஃபி எழுதுவது. நானும் உன் அண்ணியும் அவளுடைய பதினோரு கோழிகளும் ஆண்டவர் கிருபையில் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் அந்த லீட்ஸ் குளிரில் உறைந்துபோகாமல் இருக்க ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன், பிரசங்கத்தில் தூங்கிப்போகாத ஞாயிறுகளில். எஜிர்பா அக்காவும் சுகம். அக்கா சுகமாக இருக்கிறாளா இல்லையா என்பதுதான் நமக்குள் நடக்கும் வழக்கு என்பதால், அந்த ஒரு 'சுகம்' மட்டும் தீர்ப்புக்கு உட்பட்டது என்று வைத்துக்கொள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டதே இல்லை. "அண்ணா, சுருக்கமா சொல்லு, டூட்டிக்கு நேரமாச்சு" என்பாய். நான் முப்பது வருஷமாக ட்ரோட்ரோ மினிபஸ்களின் முதுகில் வாசகம் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு வண்டிக்கு நாலு வார்த்தை. அதற்கு மேல் எழுதினால் பெயின்ட் கண்ணாடியில் ஏறிவிடும். வாழ்க்கை முழுக்கச் சுருக்கமாகவே சொல்லி உள்ளே தேங்கிக் கிடப்பதையெல்லாம் கொட்ட எனக்கு இந்தக் காகிதத்தை விட்டால் வேறு இடமில்லை. உன் சர்ச் தோழி விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறாள்; ஷிட்டோ மிளகாய்த் தொக்கு பாட்டிலோடு இதையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மிளகாய் எண்ணெய் கசிந்திருந்தால் முதல் பக்கத்தைக் கண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரை விட்டுப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது; நம் வண்டி நிலையத்தில் டீ எப்படிப் போடுவார்கள் என்பதே உனக்கு மறந்திருக்கும். அக்கா தன் டீக்கடையில் பால் டின்னை மேசைமேல் நிறுத்தி, கத்தி நுனியை மூடி ஓரத்தில் வைத்து, பிடியின் தலையில் உள்ளங்கையால் ஒரு போடு போடுவாள்: டக். டின்னை அரைவட்டம் திருப்பி எதிர் ஓரத்தில் இன்னொரு போடு: டக். ஓர் ஓட்டை பாலுக்கு, ஓர் ஓட்டை காற்றுக்கு. அந்த இரண்டு டக் காதில் விழாமல் நம் நிலையத்தில் எந்த டிரைவரும் கோப்பையை வாயில் வைக்கமாட்டான். டக்-டக் கேட்டால் டின் இப்போதுதான் திறந்திருக்கிறது, நேற்று மிஞ்சியது இல்லை, தண்ணீர் கலக்கவில்லை. வண்டியில் பிரேக் இருக்கிறதா என்று பார்க்காமல் அக்ரா வரைக்கும் ஓட்டிப்போகிறவனுக்கு, பாலில் மட்டும் இவ்வளவு எச்சரிக்கை. அதிலும் இருபத்தொன்பது வருஷமாக அக்காவின் டக்-டக்தான் நிலையத்துக்கே முத்திரை.

இந்த ஜனவரியில் ஒரு விடியற்காலை, கடைத் தட்டியைத் தூக்குவதற்கு முன்பே, கத்தி வழுக்கி அக்காவின் இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மூன்று தையல். (அந்த வாரம் பார்த்து எதிர்க்கடை டீக்காரர் இஸ்ஸாகாவும் ஊரில் இல்லை, தங்கை மகள் கல்யாணம் என்று டமாலேக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் அந்த ஆளாவது ஒரு டாக்ஸி பிடித்திருப்பார்.) டாக்டர் தையலைப் போட்டுவிட்டு விரல்களைப் பார்த்தார். மூட்டெல்லாம் வீங்கிப்போய் இருக்கிறது, பிடியே இல்லை, இது இன்று நேற்று வந்ததில்லை என்றார். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "என் கை அப்படியேதான் இருக்கு டாக்டர். இப்ப வர்ற டின்னுதான் கெட்டியா வருது." அதே கையால் இப்போது அவளுக்கு ரவிக்கைப் பொத்தான் போட முடியவில்லை, அதற்குப் பொத்தான் செய்கிறவன் காரணம். கதவைப் பூட்ட முடியவில்லை. அதற்குச் சாவி செய்கிறவன் காரணம்.

அப்போதுதான் உன்னிடமிருந்து அந்தக் குரல் செய்தி வந்தது. அதை நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கேட்டோம். ஈஸ்டருக்குள் அக்காவுக்கு எளிதான, பாதுகாப்பான ஒரு டின் ஓப்பனரை நான் தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டும். முடியாவிட்டால் கடையை மூட வேண்டும். ஏப்ரல் இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஒரு வழி டிக்கெட். அக்கா வந்து உன்னோடு இருக்கட்டும் என்றாய். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "அங்க போய் நான் என்னடா பண்றது? ஜன்னல்கிட்ட உக்காந்து மழைய எண்ணவா?" என்று கேட்டாள். நிலையத்தில் அவளுக்கு நானூறு பேரைப் பெயர் சொல்லித் தெரியும். அதில் முந்நூறு பேரைத் திட்டவும் உரிமை உண்டு. அங்கே திட்டுவதற்கு உன்னையும் மாப்பிள்ளையையும் விட்டால் யார்?

ஓப்பனருக்கு நீ விதித்த பத்து நிபந்தனைகளையும் மிச்சமிருந்த சிவப்புப் பெயின்டில் பலகையில் எழுதிக் கடையிலேயே மாட்டினேன். பிடி தடிமனாக இருக்க வேண்டும். ஈரக் கையிலும் வழுக்கக் கூடாது. திருகும் கை நீளமாக இருக்க வேண்டும். மணிக்கட்டை முறுக்க வைக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவை இருக்கக் கூடாது. டின் விளிம்பு கையைக் கிழிக்கக் கூடாது. மூடியை விரலால் நோண்டி எடுக்கும்படி இருக்கக் கூடாது. கழுவ முடிய வேண்டும். வேலை நடுவில் நின்றுபோகக் கூடாது. பத்தாவது நிபந்தனை, "பார்த்த உடனே புரியணும், அண்ணாவுக்கும்கூட." அந்த 'கூட' என்ற வார்த்தையை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். எனக்கு உன்னைப்போல் மறைத்து வைக்கும் பழக்கம் கிடையாது.

அக்கா என் கண்ணை ஏமாற்றிக் கத்தியை எடுத்துவிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தாய். ஆகவே கடைச் சாவியையும் பால் டின் பெட்டியையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். தினமும் விடியற்காலை ஐந்தரைக்குக் கடையை நான்தான் திறப்பது, ஒவ்வொரு டின்னும் என் முன்னால் திறப்பது என்று ஏற்பாடு. முதல் நாளே எதிர்க்கடை இஸ்ஸாகா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். அந்த ஆளுக்கும் அக்காவுக்கும் பதினைந்து வருஷமாக தினமும் வாய்ச்சண்டை. அவர் டீயில் மீன் வளர்க்கலாம் என்று இவள் சொல்வதும், இவள் ரொட்டியால் சுவர் கட்டலாம் என்று அவர் சொல்வதும் காலை வேளையில் பயணிகளுக்கு இலவசம்.

"நீ தினமும் வருவியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஈஸ்டர் வரைக்கும்."

"அஞ்சரைக்கேவா?"

"சாவியே என்கிட்டதான் இருக்கு. நான் வந்தாதான் கடை."

"ஓ" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். போட்டிக்காரன் வேவு பார்க்கிறான் என்று நான் அக்காவிடம் எச்சரித்தேன். அவள் முகம் ஒரு மாதிரி போயிற்று. போட்டியை நினைத்துப் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

முதலில் கேப் கோஸ்ட் சந்தைக்குப் போய், எல்லோர் வீட்டிலும் இருக்கிற அந்த இரட்டைக் கால் ஓப்பனரை வாங்கினேன். இரண்டு காலையும் ஒரு கையால் இறுக்கிக்கொண்டே, வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கிற சாவியை மறு கையால் திருக வேண்டும். அக்காவிடம் இல்லாதது இரண்டே விஷயம்: இறுக்கும் கை, திருகும் கை. கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டில் ஒரு சார்டின் டின்னில் நானே சோதித்துப் பார்த்தேன். பாதி வட்டம் போனது, பிறகு தடம் மாறியது, பிறகு பல் வழுக்கியது, மூடி நாய் கடித்த மாதிரி ஆகிவிட்டது, என் கட்டைவிரலில் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து வழிந்தது. உன் அண்ணி வந்து பார்த்தாள். "பலமான கைக்காரருக்கே இப்படின்னா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக நம் வீட்டில் டின் திறக்கிறவள் அவள்தான் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து நீ பார்சலில் அனுப்பினாயே, பேட்டரி போட்ட ஓப்பனர். அதைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அதன் நோக்கம் நல்லது. டின் மேல் உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினால் தானே ஊர்ந்து ஊர்ந்து மூடியைச் சுற்றி வருகிறது, கையே வேண்டாம். முதல் நாள் அதைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் வின்னேபா வண்டி இரண்டு பயணிகளை விட்டுவிட்டுக் கிளம்பிப்போய்விட்டது. ஆனால் எவுரெசி, அது உங்கள் ஊர்ப் பீன்ஸ் டின்னுக்குச் செய்தது. நம் பால் டின் என் உள்ளங்கைக்குள் அடங்குவது. அதன் மேல் இது ஏறி உட்கார்ந்தால், முயல் முதுகில் ஆடு ஏறின மாதிரி. பாதிச் சுற்றில் டின் குடைசாய்ந்தது, பால் முழுவதும் முட்டைக் கூடையில் ஓடியது. இரண்டாவது டின்னை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முக்கால் சுற்றில் பேட்டரி தீர்ந்து அப்படியே நின்றுவிட்டது. கழற்றவும் வரவில்லை, திறக்கவும் வரவில்லை. உண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நிலைய டிரைவர்களின் தலைவர் அஃபூல், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்.

"ஃபீஃபி, இது டின்னத் திறக்குற மெஷினா, டின்னு மெஷினத் திறக்குதா?"

"பேட்டரி வாங்கிட்டு வந்தா ஓடும் தலைவரே."

"நான் அக்ரா போயி திரும்பறதுக்குள்ள ஓடுமா?"

கடைசியில் மெஷினை டின்னிலிருந்து விடுவிக்க, எதைத் தடுப்பதற்காக என்னை நீ அங்கே உட்கார வைத்தாயோ அதே கத்தியால் நானேதான் நெம்பினேன். அக்கா பலகையில் இருந்த, நடுவில் நின்றுபோகக் கூடாது என்ற ஒன்பதாம் நிபந்தனையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தேர்வில் நான் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தேன். பலமான கையால் சோதித்தால் பலவீனமான கைக்கு எப்படிப் புரியும்? என் கையைப் பலமான கை என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள். அக்ராவில் ஒரு பெரிய பாத்திரக் கடைக்குப் போய், இரண்டு கையிலும் கால் உறையை மாட்டிக்கொண்டு, அதன்மேல் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு ஓப்பனராகத் திருகிப் பார்த்தேன். கடைக்காரம்மா காவல்காரரைக் கூப்பிட்டாள். "கையில உறை மாட்டிக்கிட்டு வர்றவன் ஒண்ணு திருடன், இல்லாட்டி டாக்டர். நீ யாருய்யா?" என்று கேட்டார் அவர். அக்காவின் விரலைப் பற்றி நான் சொன்ன கதையில் அந்த மனிதர் உருகிப்போய், தன் மாமியாருக்கும் இதே உபத்திரவம் என்று சொல்லி, அவரும் ஒரு கையில் கால் உறையை மாட்டிக்கொண்டு உதவினார். இருவரும் ஒரு மணி நேரம் பாடுபட்டுக் கண்டுபிடித்ததுதான் அந்த மூன்றாவது ஓப்பனர். ரப்பர் போட்ட தடித்த பிடி; திருகும் கை ஒரு சாண் நீளம்; ஒருமுறை பூட்டினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை; மூடியை மேலே வெட்டாமல் பக்கவாட்டில் தையல் பிரிக்கிற மாதிரி பிரிக்கிறது; விளிம்பில் நாக்கை வைத்தாலும் கிழிக்காது. வைத்துப் பார்த்தேன். விலையை எழுதமாட்டேன், உன் அண்ணியும் இந்தக் கடிதத்தைப் படிக்க வாய்ப்பு இருக்கிறது.

அக்கா அதை மணிக்கட்டாலேயே தள்ளித் தள்ளித் திருகினாள். மூடி, பாட்டில் மூடி மாதிரி அழகாகக் கழன்று வந்தது. பத்துக்குப் பத்து. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அன்று மாலையே உனக்குப் போன் செய்து டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போன் செய்யாமல் விட்டதுதான் நான் இந்த வருஷம் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

ஏனென்றால் அந்த ஓப்பனர் சத்தமே போடாது.

முதல் நாள் நான்கு டிரைவர்கள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள். பிறகு கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாம் நாள் அஃபூல் இரண்டு ஆட்களோடு விசாரணைக் கமிஷன் மாதிரி வந்தார்.

"எஜிர்பா, உன்மேல எங்களுக்குச் சந்தேகமே கிடையாது."

"சந்தேகம் இல்லாதவன் எதுக்குய்யா மூணு பேரா வந்திருக்க?"

"சத்தம் கேக்கலையே."

"பால் டின்னு பாட்டுப் பாடணுமா?"

"பாட வேணாம். டக்-டக்னா போதும். இந்த மூடியப் பாரு. எடுத்தா வருது, வச்சா உக்காந்துக்குது. இது டின்னா, தொப்பியா? உள்ள என்ன ஊத்தி மூடி வச்சிருக்கேன்னு யாருக்குத் தெரியும்? நீ அப்படிச் செய்யமாட்ட, எனக்குத் தெரியும். கேப் கோஸ்ட்லருந்து வர்ற பாசஞ்சருக்குத் தெரியுமா?"

"இருபத்தொம்பது வருஷமாக் குடிக்கிற வாய் உன்னுது. அதுக்குத் தெரியாதா?"

"வாய்க்குத் தெரியும். காதுதான் கேக்குது."

கையைக் கிழிக்காத விளிம்பு வேண்டும் என்று நீயும் நானும் தேடித் தேடி எடுத்தோம். கிழித்த விளிம்புதான் ஊருக்குச் சாட்சி என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை பார்.

இனி வருவது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். அக்காவிடம் ரகசியமாக ஒரு யோசனை சொன்னேன்: ஓப்பனரால் திறந்துகொள், மேசைக்குக் கீழே ஒரு காலி டின்னை வைத்துக்கொண்டு கரண்டியால் டக்-டக் என்று தட்டிவிடு. சொல்லிவிட்டு, ஊரிலேயே நேர்மையானவள் என்னைக் கரண்டியாலேயே அடிப்பாள் என்று தலையை ஒதுக்கிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு கரண்டியை வாங்கி, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல், முதல் டக்கையும் இரண்டாம் டக்கையும் சரியான இடைவெளி விட்டு, காலம் காலமாய்ப் பழகின கை மாதிரி தட்டினாள். எனக்கே அவள் உண்மையில் டின்னைத் திறந்துவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. திறமை என்பது பிறவியிலேயே வருவது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் திரும்பியது. அதோடு விட்டிருக்கலாம். அக்காவுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று மறுநாள் நானே மேசைக்குக் கீழே புகுந்துகொண்டேன். மேலே நடப்பது எனக்குத் தெரியவில்லை, உத்தேசமாகத் தட்டினேன். அக்கா அந்த நேரம் அடுப்பு முனையில் நின்று இரண்டு கையாலும் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"அக்கா அங்க முட்டை உடைக்கிறா" என்று அஃபூலின் குரல் மெதுவாகக் கேட்டது, "பால் டின்னு இங்க தானாத் திறக்குதா?"

மேசைத் துணி மேலே போனது. ஐம்பத்து நாலு வயது சர்ச் கமிட்டி உறுப்பினரான என்னை, கரண்டியும் காலி டின்னுமாக மண்டியிட்ட நிலையில், நிலையமே பார்த்தது. நான் 'காலை வணக்கம்' என்றேன்.

அன்றே அக்கா கடையைச் சாத்திவிட்டாள். யாரும் சாத்தச் சொல்லவில்லை. மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். எவுரெசி, நான் நகைச்சுவையாக எழுதப் பார்க்கிறேன், ஆனால் இந்த இடத்தில் வரவில்லை. அவள் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "அங்க ஸ்டேஷன்ல டீ யாருடா போடுவாங்க?" என்று கேட்டாள். மெஷின் போடும் என்று சொன்னேன். "மெஷினா" என்றாள். மடியிலிருந்த கைகளைக் கவிழ்த்துக்கொண்டு, "எவுரெசிக்கு எழுது, வரேன்னு" என்றாள். நான் காகிதம் எடுத்தேன். எழுதவில்லை. கோழிக்குத் தீனி வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்தவன் நேராக ஃபிட்டர் பென்ட்சிலின் பட்டறைக்குப் போனேன். நம் பென்ட்சிலைத் தெரியுமே, உன்னோடு பள்ளியில் படித்து, உனக்கு ஒரு கடிதம் கொடுத்து, நீ அதில் பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தாயே, அவன்தான். அவனும் மோசமான நிலையில் இருந்தான். "மூணு நாளா உங்க அக்கா டீ இல்ல. எந்த நட்டு எந்த போல்ட்டுக்குன்னு தெரியல. நேத்து ஒரு வண்டிக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் விழுது, ஓனர் பின்னாலயே ஓட்டிட்டுப் போயிட்டாரு" என்றான். நான் முழுக் கதையும் சொன்னேன். அவன் மூலையில் கிடந்த பழைய மினிபஸ்ஸின் ஹேண்ட்பிரேக் கம்பியை எடுத்து மேசையில் வைத்தான்.

மறுநாள் காலை அதைக் கடை மேசையில் போல்ட் போட்டு இறுக்கினான். கீழே டின் அசையாமல் உட்கார ஒரு இரும்புக் கிண்ணம். மேலே ஹேண்ட்பிரேக் கம்பி. கம்பிக்கு அடியில் இரண்டு கூர்முனைகள். விரலே வேண்டாம். முழங்கையை வைத்துக் கம்பியின் மேல் சாய்ந்தால் போதும், உடம்பின் எடையே இறக்கிவிடும். அக்காவின் உடம்பில் கை பலவீனமே தவிர எடைக்கு ஒரு குறையும் இல்லை. நிலையமே திரண்டு நிற்க, அவள் முழங்கையை வைத்துச் சாய்ந்தாள்.

டக்.

இரண்டு ஓட்டையும் ஒரே நேரத்தில் விழுந்ததால் ஒரே ஒரு டக். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒரு டக்குக்கு என்ன அர்த்தம்? பாதி டின்தான் புதுசு என்று அர்த்தமா? வாதம் முற்றியது. சால்ட்பாண்ட் வண்டி டிரைவர் ஒருவர், ஓட்டை இரண்டு இருக்கிறதே, கண்ணால் எண்ணிக்கொள்ளலாமே என்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். பென்ட்சில் பொறுமையாக ஒரு முனையைக் கழற்றி, அரத்தால் அரை விரல்கடை தேய்த்துக் குட்டையாக்கி, மறுபடி மாட்டினான். "இப்ப சாயுங்கக்கா" என்றான்.

நீள முனை முதலில் இறங்கியது: டக். குட்டை முனை பின்னால் இறங்கியது: டக்.

அஃபூல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நீதிபதி மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "என் கோப்பைய எடு" என்றார். அவ்வளவுதான். கைதட்டினார்கள், ஹாரன் அடித்தார்கள், இஸ்ஸாகா மட்டும் தன் கடையில் நின்றபடி கம்பியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் போச்சே என்கிற வயிற்றெரிச்சல், வேறென்ன.

உன் பத்து நிபந்தனைகளையும் அந்தக் கம்பி மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். பிடி தடிமன், பென்ட்சில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறான். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. மூடி கழல்வதே இல்லை என்பதால் அதை எடுக்கும் கேள்வியும் இல்லை. முனைகளைத் தினமும் கழற்றிக் கொதிக்கிற கெட்டிலில் போட்டு எடுக்கலாம். பேட்டரி வேண்டாம். எனக்கும்கூடப் புரிகிறது. ஆகவே கடைச் சாவியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு உதவி செய்கிற கை எதுவும் இனித் தேவையில்லை. இன்னொருத்தர் தயவு இல்லாமல் தன் டின்னைத் தானே திறக்கிறாள். தயவுசெய்து அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

நீ தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். உங்கள் வீட்டுக் குழாயில் வெந்நீர் நிற்காமல் வரட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உன் பேட்டரி மெஷினுக்கும் ஒரு வாழ்வு கிடைத்துவிட்டது. உன் அண்ணி அதை ஓடவிட்டு, அந்த இரைச்சலால் கோழிகளை விரட்டிக் கூட்டில் அடைக்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும், ஒரு கட்டைவிரலில் கட்டுப் போட்ட அண்ணன்,
ஃபீஃபி

பி.கு.: உன் தோழியின் பயணம் வியாழனுக்குத் தள்ளிப்போனதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாயிற்று. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை கம்பி வேலை செய்யவில்லை. குட்டை முனையைக் காணோம். பென்ட்சில் வந்து பார்த்து, "இது தானாக் கழண்டு விழாது. யாரோ ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்காங்க" என்றான். அக்கா, "என்னமோப்பா, எனக்கு இரும்பு விஷயம் தெரியாது" என்றாள். ஆனால் அன்று கடையில் டக்-டக் கேட்டது, எல்லோரும் குடித்தார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. இன்று காலை ஐந்து மணிக்கு, முனை மேசைக்குக் கீழே எங்காவது உருண்டிருக்குமா என்று தேட டார்ச்சோடு போனேன். மேசைக்குக் கீழே எனக்கு அனுபவம் உண்டல்லவா. தட்டி பாதி தூக்கியிருந்தது, உள்ளே விளக்கு. டக்-டக். கொஞ்சம் இடைவெளி. டக்-டக். என் பெஞ்சில் இஸ்ஸாகா உட்கார்ந்து, நாள் முழுவதற்குமான டின்களைத் தன் கத்தியால் ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா. அவர் கோப்பையில் ஒரு கரண்டி பால் அதிகம்.

"எத்தனை நாளா இது?" என்றேன்.

"நாலு வருஷமாச்சு" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. "கை போனதுலருந்து. நீதான் சாவியப் புடுங்கிக்கிட்டு வந்து நடுவுல உக்காந்துட்ட."

"அப்ப ஜனங்க கேட்ட டக்-டக்?"

"கரண்டி. மேசைக்குக் கீழ. உனக்குத்தான் தட்டத் தெரியல."

ஜனவரியில் அவர் டமாலே போயிருந்த வாரம், வேறு வழி இல்லாமல் தானே கத்தியை எடுத்திருக்கிறாள். எட்டு டின் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டேன். ஐந்து நிமிஷம் என்றார் இஸ்ஸாகா. தினமும் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டேன். நாலரைக்கு என்றார். அதற்கு மேல் நான் கணக்குப் போடவில்லை. அக்கா சர்க்கரை டப்பாவைத் தள்ளி வைத்தபோது அதற்குப் பின்னால் குட்டை முனை மின்னியது. "ஸ்பேனர் பிடிக்க உனக்குத்தான் கையில பலம் இல்லையே" என்றேன். இஸ்ஸாகா கூரையைப் பார்த்தார்.

எவுரெசி, உன் பத்து நிபந்தனைகளையும் மறுபடி எடுத்துப் படி. இஸ்ஸாகா என்கிற ஓப்பனருக்குத் தடித்த பிடி, வழுக்காது, அக்காவின் கையைக் கிழிக்காது, நாலு வருஷத்தில் அந்த ஒரு வாரமும் நான் சாவி வைத்திருந்த நாட்களும் தவிர நின்றதே இல்லை, தொழுகைக்கு ஐந்து வேளையும் தானே கழுவிக்கொள்கிறது. பத்தாவது ஒன்றில்தான் தோற்றது. எனக்குப் பார்த்த உடனே புரியவில்லை. மேலே 'அந்த ஆள்' என்று எழுதிய இடத்தில் எல்லாம் 'அவர்' என்று வாசித்துக்கொள்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. பெயரையும் திசையையும் மாற்றி, உனக்கு இங்கே வர எடுத்துக்கொள். நான் கிளம்பும்போது இஸ்ஸாகா பின்னாலேயே வந்து தொப்பியைக் கழற்றினார். அக்கா வீட்டுப் பக்கம் ஆண் என்று நான் ஒருத்தன்தானே. வழக்கப்படி பெண் கேட்டு வாசலில் தட்ட அவர் மனிதர்கள் ஈஸ்டர் முடிந்து வரலாமா என்று கேட்டார். தாங்கள் முஸ்லிம்கள் என்பதால் வழக்கமான ஷ்னாப்ஸ் சாராய பாட்டில் வராது, கோலா கொட்டைதான் வரும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அக்காவுக்காக அந்தத் தியாகத்தையும் செய்கிறேன்.

"தாராளமா வாங்க" என்றேன். "ஆனா தட்டும்போது ரெண்டு தடவை தட்டச் சொல்லுங்க. ஒரு தடவை தட்டினா எங்க அஃபூல் கதவத் திறக்கவிடமாட்டாரு."